குறட்டை நடுவே மூச்சு நிற்கிறது, மாஸ்க் போட மறுக்கிறார்

கேள்வி:
நாமக்கல்லில் இருக்கிறோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ராத்திரி குறட்டை சட்டென்று நின்றுவிடும். வயிறு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. அப்புறம் திணறி எழுவார். காலையில் தலைவலி. தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்) என்றார்கள், ஏஹெச்ஐ 38. மாஸ்க் வழியாகக் காற்றுத் தரும் சிபாப் மெஷின் வேண்டாம் என்கிறார். மருந்து இருக்கிறதா?

பதில் 1:
மணிக்கு 38 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று அர்த்தம் அக்கா. 30-ஐத் தொட்டாலே தீவிரம்தான். ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வரை போகலாம். அதைவிட, ஸ்டியரிங்கில் கண் அசந்தால்? சிகிச்சை பிடிபடும்வரை வண்டியை எடுக்க விடாதீர்கள்.

பதில் 2:
நான் சிபாப் போடுகிறவன். காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் வைக்கும், அவ்வளவுதான். முழு மாஸ்க் எனக்குச் சரிப்படவில்லை. மீசை ஓரமாகப் புஸ்ஸென்று காற்று கசியும். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாடலுக்கு மாறினேன். பகலில் டிவி பார்க்கும்போது போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

பதில் 3:
மருந்து கேட்டீர்களே, எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. அதுவும் உடல்பருமன் உள்ளவர்களுக்குத்தான். எடை குறைய மாதங்கள் ஆகும், அதுவரை மெஷின்தான். ராத்திரி குடிப்பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சின்ன மாடலை டாக்டரிடம் கேட்கிறேன். மீசையை எடுக்கச் சொன்னால் அது தனிச் சண்டை!