தமிழ்ப் பக்கத்தை என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் ஆங்கில எழுத்தாகப் படிக்கிறது, உதவி தேவை

கேள்வி:
விருதுநகர் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். 15 முதல் 25 வயது வரை உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தையலும் கணினியும் கற்றுத் தருகிறோம். பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என எல்லாரும் வருகிறார்கள். புது இணையதளம் செய்ய வெளியே ஒருவரிடம் கொடுத்தோம். பார்க்க அழகாக இருக்கிறது.

நேற்று பார்வை இல்லாத எங்கள் மாணவி ஒருத்தி, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளைப் போட்டுக் கேட்டாள். மெனு சரியாக வந்தது. பயிற்சி விவரம் உள்ள பக்கத்துக்குப் போனதும் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போனில் இதே வேலையைச் செய்யும் டாக்பேக்கிலும் அதே கதை. "அக்கா, இது எங்களுக்குப் போட்ட சைட்தானா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தளம் செய்தவர், ஓரத்தில் ஒரு அக்சசிபிலிட்டி பட்டன் (மாற்றுத்திறனாளிகள் தளத்தைப் பயன்படுத்த உதவும் என்று விற்கப்படும் பட்டன்) வைத்தால் சரியாகிவிடும், அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு என்கிறார். வாங்கலாமா? தளத்தை இன்னும் வெளியிடவில்லை. முதலிலிருந்து மாற்றவும் தயார்.

பதில் 1:
எனக்குப் பார்வை இல்லை, மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். அந்தப் பட்டனை வாங்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, நிறம் மாற்றுவது மாதிரி வேலைகளைத்தான் அது பெரும்பாலும் செய்யும். அதெல்லாம் எங்கள் கருவியிலேயே இருக்கிறது. முதலில் பயிற்சிப் பக்கத்தில் 'தமிழ்' என்ற சொல்லை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். என்ன வருகிறது?

கேள்வி கேட்டவர்:
ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி!

பதில் 1:
அப்படியென்றால் பாமினி, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. அச்சகத்தில் துண்டறிக்கைக்கு அடித்து வைத்திருந்ததை அப்படியே ஒட்டியிருப்பார். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். கூகுள் தேடலிலும் அந்தப் பக்கம் தமிழில் அகப்படாது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது, இன்னும் இந்தத் தொல்லை போகவில்லை.

என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றுங்கள். ஒன்று கவனம்: நடுவில் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து உருட்டிவிடும். மாற்றிய பிறகு ஒருவர் வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும்.

அப்புறம், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பல தளங்களில் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். அப்போது என்விடிஏ ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்கப் பார்க்கும். என்விடிஏ உடன் வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு. குரல் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் புரியும்.

பதில் 2:
என் மகனுக்கு மூளை முடக்குவாதம், 19 வயது. கை நடுங்கும். நெருக்கமாக இருக்கும் பட்டன்களில் ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றில் படும். இணையதளங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான உலக வழிகாட்டு நெறியான டபிள்யூசிஏஜி 2.2, பட்டன் அளவு குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. அவனுக்கு அது போதாது, 44 வையுங்கள். இழுத்து விடுகிற எதுவும் வேண்டாம். விண்ணப்பம் நிரப்பும்போது நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளினால் அரை மணி நேர உழைப்பு போய்விடும். அன்றைக்கு அவன் சாப்பிடக்கூட மாட்டான். பாதியில் சேமிக்கும் வசதி அவசியம் வேண்டும்.

பதில் 3:
காது கேளாதோர் பள்ளியில் கற்பிக்கிறேன். வீடியோவுக்கு எழுத்து மட்டும் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகளில் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, அதன் இலக்கணமே வேறு. சேர்க்கை முறையை விளக்கும் ஒரு வீடியோவையாவது இந்திய சைகை மொழியில் எடுங்கள். அதை உங்கள் மாணவர்களே செய்து காட்டட்டும். வாக்கியங்களைச் சின்னதாக்கினால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் உதவும்.

கேள்வி கேட்டவர்:
மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் மாற்றினோம். அண்ணா சொன்னபடியே மின்னஞ்சல் முகவரி உருண்டு போயிருந்தது, சரிசெய்தோம். மொழிக் குறியும் ஆங்கிலம் என்றுதான் இருந்தது. பட்டனுக்கு ஒதுக்கிய பணத்தில், எங்கள் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்து தளத்தைச் சோதிக்கச் சொல்ல முடிவெடுத்திருக்கிறோம். அம்மா, உங்கள் மகனும் ஒரு நாள் பார்த்துச் சொல்வாரா?

இன்னொன்று: சேர்க்கை விண்ணப்பம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். ரீடர் வாயே திறக்கவில்லை.

பதில் 1:
அது வெறும் படம், உள்ளே எழுத்து இல்லை. விண்ணப்பத்தைப் பக்கத்திலேயே படிவமாகப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் நிரலில் இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ரீடர் 'எடிட்' என்று மட்டும் சொல்லும், பெயர் கேட்கிறதா ஊர் கேட்கிறதா என்று தெரியாது. முடித்ததும் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து நிரப்பிப் பாருங்கள்.

பதில் 2:
மகனிடம் கேட்டேன். சனிக்கிழமை பார்க்கிறானாம். சம்பளம் உண்டா என்று இரண்டு முறை கேட்டான்.