டைரி ஸ்டடியில் மனசை விட்டுப் போகாத ஒரு பதிவு: உங்களுக்கும் உண்டா?

பொருநைக்கரை
முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம், பணம் அனுப்பும் ஆப் பற்றிய டைரி ஸ்டடி, அதாவது பயன்படுத்துகிறவர்களே தங்கள் அனுபவத்தை அன்றன்றைக்குப் பதிவு செய்து தரும் ஆய்வு. வழக்கமான ஏற்பாடுதான்: ஆப்பைத் திறந்ததும் ஒரு வாய்ஸ் நோட், அது தோதுப்படாதவர்களுக்கு எழுதிவைக்க ஒரு நோட்டு. கடைசிப் பேட்டிக்குப் போனபோது ஒரு அக்கா மடியில் சுளகை வைத்து இலை சுருட்டிக்கொண்டே, "நோட்டு அந்தா அலமாரில இருக்கு, எடுத்துக்கிடுங்க தம்பி" என்றார்கள்.

பக்கம் பூராவும் பள்ளிக்கூடம் போகும் மகளின் கையெழுத்து. நடுவில் ஒரு வரி: "இன்னைக்கு பணம் வந்த மெசேஜை அம்மா அழிச்சிட்டா. மாமா போனப்புறம் என்னய பேலன்ஸ் பாக்கச் சொன்னா." சத்தமாக வாசித்துவிட்டேன். அக்காவின் கை அப்படியே நின்றது. "அதையுமா எழுதிட்டா?"

பூட்டிய திரையிலேயே தொகை பளிச்சென்று தெரிகிறது என்பதுதான் அந்த ஆப்பின் பெரிய குறை. அதை எனக்குக் காட்டிக் கொடுத்ததே அந்த வரிதான். பெயர் வராது, ஊர் வராது என்று சொல்லி, அக்கா சரி என்ற பிறகுதான் அறிக்கையில் சேர்த்தேன். ஆனால் அந்தப் பிள்ளையிடம் யாருமே சம்மதம் கேட்கவில்லையே. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

பாளை வாசி
என்னைக் கேட்டால் அந்த நோட்டைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. அம்மாவிடம் கேட்டதற்கு மகள் பதில் எழுதினால் அது யாருடைய அனுபவம்? கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஒரு வீட்டில் எனக்குக் கிடைத்த நோட்டில் எல்லா நாளும் ஒரே மை, எல்லா நாளும் "நல்லா இருந்துச்சு". வாங்கப் போனபோது கடைசிப் பக்கத்து மை விரலில் ஒட்டியது.

இது நம்மூர்ச் சங்கதி மட்டும் இல்லை. 2002ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஸ்டோன் குழுவினரின் ஆய்வு வந்தது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் காகித டைரி கொடுத்து, திறந்தால் வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சாரை உள்ளே மறைத்து வைத்தார்கள். நேரத்துக்கு எழுதியதாக டைரி சொன்னது 90 சதவீதம். உண்மையில் 11 சதவீதம்தான்!

அதனால் நோட்டை விடுங்கள். சம்பவம் நடக்கும்போது ஒரு போட்டோ அல்லது நாலு வார்த்தை போதும், விவரத்தை ராத்திரி கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் நாளே ஒரு போன் போட்டு, வந்த பதிவை வைத்துப் பேசுங்கள். யாரோ வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எழுதுவார்கள். பதிவு செய்கிறவர்களுக்கான பணத்தை மொத்தமாகக் கடைசியில் கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். அப்புறம், முதலில் ஒரே ஒருவரை வைத்து ஒத்திகை பாருங்கள்.

களக்காட்டுக்காரி
பாளை அண்ணாச்சி, அந்த சென்சார் டைரியை எப்போது திறந்தார்கள் என்பதைச் சொல்லும். எழுதியது உண்மையா என்று சொல்லுமா? முக்கூடல் பிள்ளை எழுதியதைவிட உண்மையான பதிவு எது?

வாழை விலை பார்க்கும் ஆப்புக்காக நான் பேசிய ஒரு பெரியவர் தினமும் மோட்டார் ரூமிலிருந்து வாய்ஸ் நோட் அனுப்புவார். ஒருநாள் வரவில்லை. மறுநாள் விடியற்காலை, "நேற்று பதிவு செய்யவில்லை, மறக்காதீர்கள்" என்று நிறுவனத்தின் தானியங்கி மெசேஜ் போய்விட்டது. உடனே பதில் வந்தது. பின்னால் காற்று இரைகிறது. "மறக்கல தாயி. குலை தள்ளுன ஏத்தன் வாழை பூராவும் சாஞ்சி கெடக்கு. வெலைய பாத்து என்ன செய்ய?"

நிறுவனத்தின் எக்செல் தாளில் அந்த நாள் 'பதிவு இல்லை' என்றே இருந்தது. அதை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன். மாற்றவில்லை.

வள்ளியூர் காத்து
அக்கா சொல்வதுதான் சரி. நாங்கள் இப்போது "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்பினாலும் முழுப் பதிவாகவே எடுத்து, அதற்கும் அதே பணம் கொடுக்கிறோம். கோயில் கொடை நாட்களில் நினைவூட்டலே போகாது. பொருநைக்கரை, பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அனுமதியோடு பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். வீட்டில் யார் எழுதப்போகிறார்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.