தங்கச்சி மறுபடி நீட் எழுதலாமா, வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா?

திருப்பூர் அண்ணன்:
எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி இந்த வருடம் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினாள், தமிழ் மீடியம். மொத்தம் 720க்கு 341 வந்திருக்கிறது. உயிரியல் 214, வேதியியல் 78, இயற்பியல் 49. ஆறிலிருந்து எட்டு வரை ஊரிலேயே உதவிபெறும் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி. அப்பா இல்லை. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறேன், ஒரு வருடம் அவளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க முடியும், ஆனால் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்ட வழியில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அடுத்த முறை 450 எடுத்தால் போதும் என்கிறார்கள். நம்பலாமா? அப்புறம், இங்கிலீஷில் எழுதினால் நல்லது என்று ஒருத்தர் சொன்னார், அதுவும் சரியா?

உயிரியல் டீச்சர்:
தம்பி, அந்த 7.5 விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2020 சட்டப்படி ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அந்தக் கணக்கில் வரும், உதவிபெறும் பள்ளி வராது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் தங்கச்சி விஷயம் அதுவல்ல. ஒரே தெருவில் ஒரே வறுமையில் வளரும் பிள்ளைகளை இப்படிப் பிரிப்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆனாலும் விதி அதுதான். ஒன்று மட்டும் பாருங்கள், ஊரில் நிறையப் பேர் பஞ்சாயத்து யூனியன் நடுநிலைப் பள்ளியையும் உதவிபெறும் பள்ளியையும் குழப்பிக்கொள்வார்கள். யூனியன் பள்ளி என்றால் அரசுப் பள்ளிதான். டி.சி.யை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

450 போதும் என்ற பேச்சையும் விடுங்கள். ஒரு வருட மார்க்கை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடவே முடியாது. 2024இல் முதலில் 67 பேருக்கு 720க்கு 720 வந்தது, திருத்திய பிறகும் 17 பேர் இருந்தார்கள். அடுத்த வருடமே, 2025இல், நாட்டிலேயே முதலிடம் 686தான். தரவரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கு அகில இந்திய 15 சதவீத இடங்கள் போக மீதி பிளஸ் டூ மார்க்கில்தான். நல்ல படிப்பு, பிள்ளைக்குப் பிடித்தால் தயங்காதீர்கள்.

இரண்டாம் வருடம் எம்.பி.பி.எஸ்:
அண்ணா, நானும் தமிழ் மீடியம், ரிப்பீட்டர்தான். மொழியை மாற்றவே வேண்டாம். தமிழ் என்று கொடுத்தால் தாளில் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் இங்கிலீஷ் வரிதான் இறுதி என்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். 2018இல் 49 கேள்விகளில் தமிழ் தப்பு என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் தமிழ் வரி புரியாமல் இடித்தால் உடனே இங்கிலீஷ் வரிக்குப் போய்விட வேண்டும், அதற்குக் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் இப்போதிருந்தே படிக்கணும்.

இயற்பியலில் எத்தனை போட்டாள், எத்தனை தப்பு? அது தெரியாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

திருப்பூர் அண்ணன்:
விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தோம் தம்பி. 41 போட்டிருக்கிறாள், 18 சரி, 23 தப்பு. டீச்சர், டி.சி. பார்த்தேன், உதவிபெறும் பள்ளிதான். நர்சிங்குக்கு விண்ணப்பித்துவிடுகிறோம், ஆனால் அவள் இன்னொரு முறை எழுதியே தீருவேன் என்கிறாள்.

இரண்டாம் வருடம் எம்.பி.பி.எஸ்:
அப்போது எழுதட்டும் அண்ணா. அந்த 23இல் எத்தனை குருட்டாம்போக்கில் போட்டது என்று அவளையே குறிக்கச் சொல்லுங்கள். சரிக்கு 4, தப்புக்கு கழித்தல் 1. ஒன்றுமே தெரியாமல் போட்டால் சராசரியாகக் கால் மார்க்தான் தேறும், அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, நேரமும் போச்சு. இரண்டு விடையை நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் சராசரி ஒன்றரை மார்க், அங்கே துணிந்து போடலாம்.

இயற்பியலை இயக்கவியலிலிருந்து தொடங்கினால் சோர்ந்துவிடுவாள். மின்னோட்டவியல், குறைகடத்தி, அணு, அணுக்கரு, ஒளிமின் விளைவு இதெல்லாம் சூத்திரம் நேரடியாக நிற்கிற பாடங்கள், முதலில் அவற்றை முடிக்கட்டும். உதாரணத்துக்கு, ஒரு உலோகத்தில் 310 நானோமீட்டர் அலைநீள ஒளி விழுகிறது, வெளியேற்று ஆற்றல் 2.5 எலக்ட்ரான் வோல்ட், வெளிவரும் எலக்ட்ரானின் அதிகபட்ச இயக்க ஆற்றல் என்ன என்று கேட்பார்கள். பிளாங்க் மாறிலியை எல்லாம் போட்டுப் பெருக்க வேண்டாம். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கினால் இந்த அலகுகளில் ஏறக்குறைய 1240 என்று நினைவில் வைத்தால் போதும். 1240ஐ 310ஆல் வகுத்தால் 4, அதில் 2.5 போனால் 1.5 எலக்ட்ரான் வோல்ட். கால்குலேட்டர் கிடையாது என்பதால் இந்த மாதிரிக் கைக்கணக்குத்தான் காப்பாற்றும்.

உயிரியல் 90 கேள்வி, பாதித் தாளே அதுதான். 214 என்பது அவளால் நிறைய ஏற்றக்கூடிய மார்க். சமச்சீர் புத்தகம் மட்டும் போதாது, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் படத்துக்குக் கீழே இருக்கிற வரி, அட்டவணை வரை விடாமல் படிக்கணும். தேர்வில் உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியலுக்கு மூச்சு விட நேரம் இருக்கும்.

உயிரியல் டீச்சர்:
வாரம் ஒரு முழுத் தேர்வு, மதியம் 2 மணிக்கே உட்கார வையுங்கள் தம்பி, உண்மையான தேர்வு நேரம் அதுதான். ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து பால்பாயின்ட் பேனாவாலேயே வட்டம் நிரப்பட்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதற்கு யாருக்கும் பணம் கட்டாதீர்கள். உயிரியலில் எந்தப் பாடம் அதிகம் தப்பியது என்று எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.