வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடும் மகனுக்குப் பருவ மாற்றங்கள் தொடங்கவில்லை: காத்திருக்கலாமா?

கேள்வி (ஒரு தாய், திருச்சி):

என் மகனுக்கு இப்போது 13 வயது 8 மாதம். ஒன்பது வயதில் அவன் உயரம் 112 செ.மீ. மட்டுமே இருந்தது, ஆண்டுக்கு மூன்று செ.மீ. கூட வளரவில்லை. மருந்து கொடுத்து ஹார்மோன் சுரப்பைத் தூண்டிப் பார்க்கும் இரண்டு சோதனைகளிலும் வளர்ச்சி ஹார்மோன் குறைவாகவே சுரந்ததாலும், ஸ்கேனில் மூளையின் அடியில் அதைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி சிறியதாகத் தெரிந்ததாலும், அன்று முதல் தினமும் இரவு ஊசி போட்டு வருகிறோம். முதல் ஆண்டில் 10, இரண்டாம் ஆண்டில் 8, பிறகு 6.5 என்று வளர்ந்தவன் நான்காம் ஆண்டில் 5 செ.மீ. மட்டுமே வளர்ந்தான். இப்போது 144 செ.மீ. இருக்கிறான். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுக்குரிய முதிர்ச்சியில் இருக்கிறது என்பது, 11 என்கிறார்கள்.

வகுப்பில் உள்ள மற்ற பையன்களுக்குக் குரல் உடைந்துவிட்டது, மீசை அரும்பிவிட்டது. இவனிடம் எந்த மாற்றமும் இல்லை. வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை, ஆனால் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வாரந்தோறும் தன்னை அளந்துகொள்கிறான். ஊசிதான் பருவமடைவதைத் தடுக்கிறது, நிறுத்திவிடு என்று என் மாமியார் வற்புறுத்துகிறார். அது உண்மையா? காத்திருக்க வேண்டுமா, ஆண் ஹார்மோன் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமா? அதைக் கொடுத்தால் உயரம் நின்றுவிடும் என்றும் சொல்கிறார்களே?

மறுமொழி 1 (ஒரு தந்தை):

சகோதரி, யார் சொன்னாலும் ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். என் மகனுக்குப் பிட்யூட்டரி அருகே இருந்த கட்டியை அகற்றிய பிறகு வளர்ச்சி ஹார்மோன் மட்டுமல்லாமல் தைராய்டு, கார்டிசால், பருவ ஹார்மோன் ஆகிய அனைத்துமே குறைந்துவிட்டன. பதினான்கு வயது கடந்தும் பருவம் தானாகத் தொடங்காததால், மாதம் ஒரு முறை மிகச் சிறிய அளவில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி தொடங்கினார்கள். இயற்கையில் பருவ மாற்றம் எவ்வளவு நிதானமாக நடக்குமோ அவ்வளவு நிதானமாக, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக அந்த அளவைக் கூட்டினார்கள். வளர்ச்சி நிற்கவில்லை, இரண்டு ஊசிகளும் சேர்ந்தபோதுதான் அவன் மளமளவென்று வளர்ந்தான்.

ஆண் ஹார்மோன் மீசையும் குரலும் தரும், விந்தணு உற்பத்தியைத் தராது. அதற்குப் பிற்காலத்தில் வேறு ஊசிகள் உண்டு. இதை எங்களுக்கு முதலிலேயே யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கத் தெரியாமல் இருந்தோம்.

மறுமொழி 2 (குழந்தைகள் நல மருத்துவர்):

அம்மா, நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் தந்த விவரங்களில் பயப்படுவதற்கு இருப்பதை விட நம்பிக்கைக்கு இருப்பது அதிகம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி பருவமடைவதைத் தடுப்பதில்லை. இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் எலும்புகள் முதிர்வதில் பின்தங்கியிருக்கும். பருவ மாற்றமும் பெரும்பாலும் பிறந்த நாளை விட எலும்பு வயதையே ஒட்டி வரும். ஆண் பிள்ளைகளில் அது ஏறத்தாழ பதினொன்றரை, பன்னிரண்டு எலும்பு வயதில் தொடங்குவதே வழக்கம் என்பதால், உங்கள் மகன் அதன் வாசலில் நிற்கிறான் என்று கொள்ளலாம். பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு வளர்ச்சி வேகம் குறைவதும் இயல்பே. இருந்தாலும் 5 செ.மீ. என்பதைக் கண்டதும் ஊசியின் அளவு எடைக்கேற்ப உயர்த்தப்பட்டதா, தைராய்டு அளவு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வளர்ச்சி ஹார்மோன் தொடங்கிய பிறகு மறைந்திருந்த தைராய்டு குறைபாடு வெளிப்படுவதுண்டு.

ஆண் பிள்ளைகளில் பருவத்தின் முதல் அடையாளம் மீசையும் குரலும் அல்ல, விரைகள் 4 மி.லி. அளவை எட்டுவதே. அதை மணிமாலை போன்ற ஒரு கருவியோடு ஒப்பிட்டு அளப்பார்கள். 14 வயதிலும் அந்த அளவு வரவில்லை என்றால் தாமதம் என்போம். அப்போது காலை வேளையில் இரத்தத்தில் விரைகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகியவற்றையும் டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கச் சொல்வார்கள். பிறக்கும்போது விரை இறங்காமல் இருந்ததா, ஆணுறுப்பு மிகச் சிறியதாக இருந்ததா, அவனுக்கு வாசனை தெரிகிறதா என்பவற்றையும் சொல்லுங்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால் பிட்யூட்டரி தானாகப் பருவத்தைத் தொடங்கி வைக்காமல் போகலாம் என்று நினைக்க வேண்டும்.

உயரம் நின்றுவிடுமோ என்ற அச்சத்துக்கு முழுக்க அடிப்படை இல்லை என்று சொல்ல மாட்டேன். எலும்பு நீள்வது அதன் முனையிலுள்ள குருத்தெலும்புத் தட்டில்தான்; அதை மூட வைத்து வளர்ச்சியை நிறுத்துவது பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜன். ஆண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதிக அளவில் அவசரமாகக் கொடுத்தால் தட்டு முன்கூட்டியே மூடும். சிறிய அளவில் கொடுத்தால் அந்தக் கேடு இல்லை. தாமதமாவதால் பருவத்துக்கு முன்பே வளர அவனுக்குக் கூடுதல் காலம் கிடைத்திருக்கிறது. பருவத்தின் போது ஆண் பிள்ளைகள் 25 முதல் 30 செ.மீ. வரை வளர்வதுண்டு, அந்த வளர்ச்சிக்கும் வளர்ச்சி ஹார்மோன் வேண்டும். ஊசியை நிறுத்த மிகவும் தவறான காலம் இதுவே.

மறுமொழி 3 (சிறு வயதில் சிகிச்சை பெற்ற ஒரு பெண்):

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. எட்டு வயதில்தான் ஊசி தொடங்கினார்கள். ஒன்பது வயதிலேயே மார்பு வளரத் தொடங்கியது. அதை ஊரார் முன் சொல்லக் கூச்சப்பட்ட என் பெற்றோர் மருத்துவரிடமும் சொல்லவில்லை. பதினொரு வயதில் நான் பூப்பெய்தியபோது என் உயரம் 138 செ.மீ.; மஞ்சள் நீராட்டு விழாவில் எல்லோரும் இனி நன்றாக வளர்வாள் என்று வாழ்த்தினார்கள். பூப்புக்குப் பிறகு பெண்கள் பெரும்பாலும் சில செ.மீ. மட்டுமே வளர்வார்கள் என்பது அங்கே எவருக்கும் தெரியவில்லை. 145-இல் நின்றேன். பருவம் தொடங்கும்போது எவ்வளவு உயரம் இருக்கிறோம் என்பதே முடிவான உயரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. உங்கள் மகன் 144-இல் இன்னும் தொடங்கவே இல்லை என்று படித்தபோது, அது எனக்குக் கவலையாகத் தோன்றவில்லை.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிறந்தபோது அவனுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. நேற்று மாலை பக்கத்து வீட்டு முல்லை பூத்த வாசனை வருகிறது என்று அவனே சொன்னான். ஊசி தொடர்கிறது, மாமியாருக்கும் பொறுமையாக விளக்கினேன். மருத்துவர் ஐயா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: என் முன்னால் உடையைத் தளர்த்த மறுத்து, சென்ற முறை அவன் பரிசோதனைக்கே ஒத்துழைக்கவில்லை. என்ன செய்வது?

மறுமொழி 2 (குழந்தைகள் நல மருத்துவர்):

அவன் மறுத்தது நியாயமே. அடுத்த முறை நீங்கள் வெளியே அமர்ந்து, அவன் தந்தையையோ, அவன் விரும்பும் வேறு ஆண் உறவினரையோ உடன் அனுப்புங்கள். என்ன அளக்கப் போகிறார்கள், எதற்காக என்று முந்தைய நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவரோடு சில நிமிடம் தனியாகப் பேச வேண்டுமா என்றும் கேளுங்கள். சுவரில் கோடு போடும் பிள்ளைக்குக் கேட்க வேண்டியவை நிறைய இருக்கும்.