பழைய என்ஜினை வீட்டில் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியபோது மனதில் தங்கிவிட்ட ஒரு கணம்

ராட்போல்ட்:
ஏற்கெனவே பிரித்து, பெட்டிகளில் போட்டுக் கைக்கு வந்த நாலு சிலிண்டர் என்ஜின். ரீபோர் (சிலிண்டர்களைக் குடைந்து சீராக்குவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது) எல்லாம் முடிந்தாயிற்று. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் ஐந்து, ஒவ்வொன்றையும் போல்ட் போட்டு மூட ஒரு கேப். நடு மூன்று கேப்களில் யாரோ பஞ்ச்சால் புள்ளி குத்தி வைத்திருந்தார்கள்: இரண்டு, மூன்று, நாலு. அந்த வரிசைப்படியே முன்பக்கத்திலிருந்து வைத்து, ஒவ்வொன்றாக டார்க் கொடுத்து (மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி), கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் கேப் வரை ஒரு விரலுக்கே சுற்றியது. இரண்டாவதை இறுக்கியதும் அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. தளர்த்தினால் மறுபடி சுற்றுகிறது!

கேப்பைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, கம்பி பிரஷ் போட்டேன். கறுப்புக்கு அடியில், வார்ப்பிலேயே ஒரு 4. முன்பு பிரித்தவர் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து, அதாவது பின்னாலிருந்து எண்ணியிருக்கிறார். இரண்டையும் நாலையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. கேப்களைப் பிளாக்கில் பூட்டிய நிலையிலேயே ஒரே நேராக போர் செய்கிறார்கள் (குடைகிறார்கள்), அதனால் கேப் இடம் மாறினால் ஓட்டை சரியாகப் பொருந்தாது, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னை உறுத்துவது வேறு. கையால் சுற்றிப் பார்க்கும் பழக்கம் இல்லாத ஒருவரிடம் இந்தப் பெட்டி போயிருந்தால்?

ஈரக்கேஸ்கட்:
உங்களுடையது தளர்த்தினால் சரியாகிற வகை. நான் பார்த்தது சரியாகாத வகை. நண்பர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஏற்றிக்கொண்டிருந்தார், நான் விளக்கு பிடித்தேன். போல்ட்களை நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக இறுக்கினார், எல்லாம் மேனுவல்படி. கடைசிக் கட்டத்தில், ஓரத்து போல்ட்டில், டார்க் ரெஞ்ச் உரிய இறுக்கம் வந்ததென்று கிளிக் ஆவதற்கு முன்னாலேயே 'டங்' என்று ஒரு சத்தம். ரெஞ்ச் சட்டென்று இலேசாகிவிட்டது. பிளாக்கின் பக்கவாட்டில் முடி போல ஒரு கோடு, அதில் எண்ணெய் கசிகிறது. அந்த போல்ட் ஓட்டை அடிமூடியது. உள்ளே எண்ணெய் தேங்கியிருந்திருக்கிறது. எண்ணெய் அமுங்காது, போல்ட் இறங்க இறங்க வார்ப்பிரும்புதான் விலக வேண்டும். இப்போது யார் ஹெட் ஏற்றினாலும் முதலில் ஓட்டைகளைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.

கேம்லோப்:
ராட்போல்ட், கையால் சுற்றினால் போதும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடைவெளி அதிகமாக இருந்தாலும் கிராங்க் அழகாகத்தான் சுற்றும், ஆயில் பிரஷர்தான் நிற்காது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து அந்த இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்தீர்களா?

என் அனுபவம் சின்னது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரை அண்ணன் மாட்டினார். செல்ஃப் அடித்ததும் கார்புரேட்டர் வாயிலிருந்து குப்பென்று நெருப்பு. முதல் பிஸ்டன் மேலேதான் இருந்தது, ஆனால் ஸ்பார்க் வர வேண்டிய கம்ப்ரெஷன் முடிவில் அல்ல, எக்ஸாஸ்ட் முடிவில். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தானே வால்வுகளைத் திறக்கும் கேமுக்கு ஒரு சுற்று!

ஆனால் எல்லோரும் கவனிக்க வேண்டியது கேமைத்தான். ரோலர் இல்லாத தட்டை டாப்பெட் (கேம் தள்ளி வால்வைத் திறக்க வைக்கும் பாகம்) என்ஜினில் புது கேமும் டாப்பெட்டும் போட்டால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவே கூடாது. சுமார் 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, கொஞ்சம் கூட்டிக் குறைத்து, 20 நிமிடமாவது ஓட்டுங்கள். லோப்களுக்கு (கேமின் புடைப்புகளுக்கு) எண்ணெய் பெரும்பாலும் கிராங்கிலிருந்து தெறித்துத்தான் வருகிறது, ஐடிலில் அது போதாது. நெடுநேரம் செல்ஃப் அடித்தால் நீங்கள் லோப்களில் பூசிய மசகு வழிந்து தேய்ந்து போய்விடும். அதனால் டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஆயில் பம்ப்பையும் முன்பே பிரைம் செய்யுங்கள் (எண்ணெய் ஏற்றி வையுங்கள்). தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் அதிகமுள்ள ஆயிலைத் தேடி வாங்குங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்கப் புதிய கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். அப்புறம், பழைய டாப்பெட்டையே திரும்பப் போடுவதென்றால் எந்த லோபில் ஓடியதோ அதே லோபில்தான் போட வேண்டும். தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

ராட்போல்ட்:
பிளாஸ்டிகேஜ் வைத்தேன், ஐந்தும் மேனுவல் அளவுக்குள்தான் இருக்கின்றன. கேப் அதனதன் இடத்தில் இருந்தால்தான் அந்த அளவுக்கே அர்த்தம் உண்டு. நான் சொன்னது அதற்கு முந்தைய கட்டம். ஈரக்கேஸ்கட், உங்கள் பதிவைப் படித்ததும் ஹெட் ஓட்டைகள் எல்லாவற்றிலும் காற்றடித்துவிட்டேன், இரண்டிலிருந்து எண்ணெய் வந்தது. நன்றி. டாப்பெட் எட்டும் ஒரே பையில் கலந்து கிடக்கின்றன, எது எந்த லோபுடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. புது கேமும் புது டாப்பெட்டும்தான் போடப் போகிறேன்.