மிக்ஸி ஜார் மூடில மஞ்சக்கறை போகவே மாட்டேங்குது

கேள்வி: குழம்பு மசாலா அரைச்சு அரைச்சு ஜார் மூடி, வெள்ளை வாஷர் எல்லாம் மஞ்சளா ஊறிப்போச்சுங்க. சோப்பு போட்டா கறை சிவப்பா வேற மாறுது, என்ன பண்ணலாம்?

பதில்: பயப்படாதீங்க அக்கா, மஞ்சள்ல இருக்குற குர்குமின்ங்கிற நிறப்பொருள் காரத்தன்மை உள்ள சோப்பு பட்டா சிவக்கும், நல்லா அலசினா பழையபடி மஞ்சளாயிடும். அது தண்ணில சரியா கரையாது எண்ணெயில கரையும், அதனால மொதல்ல தேங்காயெண்ணெய் தேச்சு 10 நிமிஷம் விட்டு அப்புறம் பாத்திர சோப்பு போட்டு வெதுவெதுன்னு தண்ணில கழுவுங்க.

பதில்: கழுவிட்டு மொட்டைமாடில நல்ல வெயில்ல வைங்க, வெயில் பட்டாலே மஞ்சள் நிறம் வெளுத்துடும். இதுதான் பெஸ்ட். வாஷரை மட்டும் நாள்கணக்கா போட்டு வைக்காதீங்க, ரப்பர் வெடிச்சிடும்.

பதில்: மோட்டார் பாடில வழிஞ்சிருந்தா பிளக்கை எடுத்துட்டு ஈரத்துணியால தொடைங்க. ப்ளீச்சும் வினிகரும் தயவுசெஞ்சு ஒண்ணா சேக்காதீங்க, குளோரின் வாயு வரும்.