'ஓவர்ஹேங்' – தொங்கலா, இறையா, துருத்தமா?

செ.:
வணக்கம். வாகன வடிவமைப்புப் பாடநூலின் கலைச்சொல் பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஓவர்ஹேங்' மட்டும் காலியாக இருக்கிறது. முன்சக்கர அச்சின் மையத்திலிருந்து முன் பம்பர் நுனிவரை உள்ள கிடைத்தூரம், பின்னாலும் அப்படியே. எந்தக் கார் அழகு, எது அவலட்சணம் என்று அலசும் அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதல் வரைவில் 'தொங்கல்' என்று இருந்தது. ஒப்பவில்லை.

ந.:
தொங்கல் வேண்டாம், சஸ்பென்ஷனோடு குழம்பும். 'இறை' இருக்கிறதே! புறநானூறு 129, 'குறியிறைக் குரம்பை', அதாவது குட்டையான இறை கொண்ட குடிசை. சுவரைத் தாண்டி இறங்கும் கூரைப்பகுதிதான் இறை. சுவர் இருந்த இடத்தில் அச்சை வையுங்கள், தீர்ந்தது. 1959-இல் வந்த மினி அசல் குறியிறை வண்டி: எஞ்சின் குறுக்குவாட்டில், கியர்பாக்ஸ் அதன் அடியில், 10 அங்குலச் சக்கரங்கள் நான்கு மூலையிலும். கூரை விளிம்பைக் குறிக்கும் இறவாரம், இறப்பு எல்லாம் இதன் உறவுகளே. இறக்கையையும் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

பூ.:
ஐயா, இறக்கையை விடுங்கள். முன்+இறையும் 'முன்னிறை', முன்+நிறையும் 'முன்னிறை'. இரண்டும் ஒரே பத்தியில் வரும் பாடம் இது. 1980-இல் வந்த ஆடி (Audi) குவாட்ரோ காரில் ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன் அச்சுக்கு முன்னால் நெடுக்காக உட்கார்ந்திருக்கும். அதனால் மூக்கும் நீளம், முன்பக்கம் கனமும் கூட. வளைவில் திரும்பத் தயங்கும். அங்கே 'முன்னிறை அதிகம்' என்றால் மாணவன் எதை எடுத்துக்கொள்வான்? 'பின்னிறப்பு' பற்றிப் பேசவே வேண்டாம்.

மா.:
'துருத்தம்' போடுங்கள். கேட்டவுடன் புரியும்.

பூ.:
புரியும், ஆனால் தீர்ப்பும் சொல்லிவிடும். போர்ஷே 911-இன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. கூரைக்கோடு ஒரே சரிவில் பம்பர்வரை இறங்குவதால் அதை யாரும் துருத்தல் என்பதில்லை. போண்டியாக் ஆஸ்டெக் காரின் மூக்கு உறுத்துவது நீளத்தால் மட்டுமல்ல, உயரமும் சேர்ந்ததால். மோதல் வேகத்தை வாங்கி நசுங்க இடம் வேண்டும் என்பதால் முன்பக்கத்தை இஷ்டப்படி வெட்டவும் முடியாது. வடிவமைப்பாளர் பம்பரின் இரு மூலைகளையும் பின்னோக்கி வளைத்துச் சீவுவார். முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்தில் மூக்கு குட்டையாகத் தெரியும். நேர்ப் பக்கவாட்டில் அந்த வித்தை பலிக்காது. அளவுக்கான சொல் அளவை மட்டும் சொல்லட்டும்.

செ.:
அப்படியானால் முன் நீட்டம், பின் நீட்டம்?

மா.:
சரி. தூக்கம் வருகிறது.

பூ.:
எனக்கும் சம்மதம்.

ந.:
நீட்டம் என்றால் வண்டியின் மொத்த நீளம் என்றுதான் பாதி வகுப்பு எழுதும். 'அச்சுக்கு வெளியே' என்ற கருத்து அதில் எங்கே? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

செ.:
பதிந்தாயிற்று. வரையறையில் 'அச்சு மையத்திலிருந்து' என்று சேர்த்துவிடுகிறேன். அடுத்தது 'பெல்ட்லைன்', ஜன்னல் கண்ணாடிகளின் அடிவிளிம்பை ஒட்டி ஓடும் கோடு. அரைஞாண் என்று யாரும் தொடங்க வேண்டாம்.

ந.:
மேகலை?